காப்புக் கட்டிய உடம்பு

எத்திராஜுக்குச் சர்க்கரை வியாதி என்று காஞ்சிபுரத்து டாக்டர் சொன்ன அன்றைக்கே அந்த வீட்டுச் சர்க்கரை டப்பா, அவன் பெண்சாதி தாயாரம்மாளின் துணிப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெட்டிக்குப் பூட்டும் விழுந்தது. வெல்லம் வாங்குவது நின்றது. பொங்கலுக்கே வெறும் வெண்பொங்கல்தான். காலையில் கேழ்வரகுக் களி, மத்தியானம் கம்பஞ்சோறு, இரவில் கோதுமை ரவைக் கஞ்சி. ஏரித் தண்ணீரில் நெல் விளைவிக்கிற குடும்பம். நடை முழுக்க நெல் மூட்டையை அடுக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்காரன் களியைக் கிண்டித் தின்கிறான் என்று ஊரே சிரித்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும் என்று அவள் பாட்டுக்குக் களி கிண்டினாள்.

டாக்டர் நடக்கவும் சொல்லியிருந்தார். மானாம்பதிச் சந்தைக்கும் கழனிக்குமாக நாளெல்லாம் நடக்கிற மனிதனை விடியற்காலையில் எழுப்பி, ஏரிக்கரை மேல் மதகு வரைக்கும் நடக்கவிட்டாள். ஏமாற்றிவிட்டுக் கரையோரம் குந்திக்கொள்வான் என்று பின்னாலேயே இவளும் போவாள்.

"மாட்டு பின்னால ஏர் புட்ச்சிக்கினு நடக்கறவனுக்கு எதுக்குடி தனியா ஒரு நடை? பாக்கறவன்லாம் சிரிக்கிறான்."

"அவன் சிரிப்பான். நாளைக்கு உனுக்கு காலு அயுகிப் போச்சின்னா அவனா வந்து கட்டு கட்டுவான்? நட."

"காப்பியிலயாவது துளியூண்டு..."

"நட சொன்னேன்."

தாயாரம்மாளின் சுபாவமே அப்படி. ஒன்றைப் பிடித்தால் அதன் அடிவேர் வரை பிடிப்பாள். ஒரு மாமாங்கமாக அந்த ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும், யாருக்குக் கால் வீங்கினாலும், இதைத் தின்னு, அதைத் தின்னாதே என்று போய் நிற்கிறவள். வாய் நீளம் என்று பெயர். அந்த வாயால் பிழைத்தவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். எத்திராஜ் இளைத்தாலும் முகம் தெளிந்து, அடிக்கடி ஒன்றுக்குப் போவது குறைந்தபோது, உள்ளூர அவளுக்கு அப்படி ஒரு பெருமை. எமனிடமிருந்து புருஷனைத் தன் கையாலேயே பிடுங்கி வைத்திருப்பதாக அவளுக்கு எண்ணம்.

காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று என்று சின்ன வெள்ளை மாத்திரை. அது அவள் முந்தானை முடிச்சில் இருக்கும். அவளே எடுத்து, அவளே அவன் வாயில் போட்டு, தொண்டை இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் நகருவாள்.

வைகாசி பிறந்தது. திரௌபதியம்மன் கோவிலில் கொடி ஏறி, மத்தியானம் பாரதம் படிப்பும் இராத்திரி கூத்துமாக ஊர் தூங்காமல் கிடந்தது. கடைசி நாள் தீமிதி. அதில் இறங்குவதற்கு எத்திராஜும் காப்புக் கட்டியிருந்தான்.

அது அவர்கள் மகள் இந்திராணிக்காக நேர்ந்துகொண்டது. போன வருஷம் அவளுக்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல், ஆஸ்பத்திரிக்காரர்களே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்போது வராண்டாவில் தரையோடு தரையாக விழுந்து எத்திராஜ் அழுதான். "பாஞ்சாலியம்மா, எம் பொண்ணையும் கொயந்தையையும் எங்கையில குட்த்துடு, உன் குண்டத்துல எறங்கறேன்" என்றான். அம்மன் கொடுத்துவிட்டாள். இப்போது அந்தக் குழந்தைக்குப் பல் முளைக்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் ஈற்றில் வைத்துக் கடிக்கிறது. தீமிதிக்கென்று இந்திராணி குழந்தையோடு வந்திருந்தாள்.

தீமிதி அன்று காலையிலேயே புருஷன் பெண்சாதிக்குள் தகராறு வந்தது.

"இன்னைக்கு பச்சத் தண்ணியத் தவுர ஒண்ணும் வாயில வெக்கக் கூடாதுன்னு பூசாரி சொல்லிக்கீறாரு. மாத்தர வோணாம் தாயாரு. நாளைக்கி போட்டுக்கறேன்."

"ஒரு நாளும் வுடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. மாத்தர இன்னா சோறா, கொயம்பா? தண்ணிய வுட்டு முயுங்கு."

எத்திராஜின் அண்ணன் வேதாசலம்தான் கோவில் தர்மகர்த்தா. அவரும் காப்புக் கட்டி மஞ்சள் வேட்டியில் இருந்தார். தம்பியை அழைத்துப்போக வந்தவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "மருந்துக்கு தோசம் இல்லடா, போட்டுக்க" என்றார். தம்பி மேல் அவருக்கு உயிர். அவன் காய்ச்சலில் படுத்தால் இவர் சோறு இறங்காமல் நடையில் உலாத்துவார்.

தாயாரம்மாள் காலை மாத்திரையைப் போட்டாள். மத்தியானம் அவன் ஏரிக்குக் குளிக்கக் கிளம்பும்போது இன்னொன்றையும் முந்தானையிலிருந்து அவிழ்த்தாள்.

"இது சாயங்காலத்து மாத்தர. அப்ப நீ குண்டத்துக்கு முன்னால நிப்ப. கூட்டத்துல நான் உன்ன எங்க தேடுவேன்? இப்பவே முயுங்கிடு."

அவன் வாயைத் திறந்தான். இரண்டாவதையும் விழுங்கினான். முந்தின நாள் இராத்திரி குடித்த கஞ்சிக்குப் பிறகு அந்த வயிற்றில் ஒரு பருக்கை விழவில்லை. தாயாரம்மாளுக்கு அது தெரியாததா? விரதம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டாள்.

ஏரி அந்த வருஷம் பாதிக்கு மேல் காய்ந்து, வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் தேங்கியிருந்த தண்ணீரில் காப்புக் கட்டியவர்கள் முழுக்குப் போட்டுவிட்டு, கரைமேல் ஈர மஞ்சள் துணியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பூங்கரகம் ஜோடிக்கிறார்கள், ஜோடிக்கிறார்கள், முடிந்தபாடில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் என்று சொல்ல ஒரு வேல மரம். அதன் கீழே தண்ணீர்ப் பந்தல் போட்டு, வரதன் என்கிற பெட்டிக்கடைக்காரர் பானையில் பானகம் கரைத்து வந்தவர் போனவருக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தார். தூரத்தில் கோவில் பக்கம் புளியங்கட்டை எரிந்து புகை எழும்பியது. குண்டத்தில் தணலை விரவிச் சமப்படுத்துகிறவர்களின் கூச்சல் காற்றில் வந்து வந்து போனது.

தாயாரம்மாளும் இந்திராணியும் கொஞ்சம் தள்ளிப் பெண்களோடு நின்றார்கள். பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னாடி தாயாரு, உம் புருசன் ஒரு மாதிரியா குந்திகினு கீறாரு?"

எத்திராஜ் கொட்டாவி மேல் கொட்டாவி விட்டான். பக்கத்திலிருந்தவன் ஏதோ கேட்டதற்கு, சாதுவான அந்த மனிதன், "போடா அப்பால" என்று சீறினான். பிறகு எங்கேயோ வெறித்தான். நெற்றியில் வேர்வை புடைத்துக் கிளம்பி, திருமண்ணைக் கரைத்துக்கொண்டு மூக்கில் வழிந்தது. கை நடுங்கியது. கையைத் தொடர்ந்து தோள், தோளைத் தொடர்ந்து உடம்பு முழுக்க உதறல் எடுத்தது.

பம்பைக்காரர் சடையப்பன் இதற்கென்றே காத்திருந்தவர் மாதிரி எழுந்து, அவன் எதிரில் வந்து நின்று பம்பையை அடித்தார். காது கிழிந்தது.

"எத்திராசு மேல அம்மா வந்துட்டா!"

"கோவிந்தா! கோவிந்தா!"

இதுவரை அந்த வீட்டில் யார்மேலும் சாமி வந்ததில்லை. வேதாசலம் ஓடிவந்து தம்பி முன்னால் கற்பூரத்தை ஏற்றினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. யாரோ வேப்பிலைக் கொத்தை அவன் கையில் திணித்தார்கள். அது நழுவி விழுந்தது. மறுபடி திணித்தார்கள்.

"தாயே, எங் குடியத் தேடி வந்துக்கிறியே. ரெண்டு வருசமா ஏரி ரொம்பல. பயிரெல்லாம் தீஞ்சி போச்சி. இந்த வருசமாவது மயை குடுப்பியா, சொல்லு தாயே."

எத்திராஜின் உதடு கோணியது. நாக்கு தடித்து, "த... ண்ணி" என்று ஒரு சொல் வந்தது.

"தண்ணி குடுக்கறேன்றா! அம்மா வாக்கு குட்த்துட்டா!" என்று கூட்டம் கொந்தளித்தது. பெண்கள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள்.

தாயாரம்மாளுக்கும் மயிர்க்கூச்செடுத்தது, இல்லை என்று சொன்னால் பொய். இந்தக் களி தின்கிற மனிதன்மேலா அம்மன் வந்து இறங்கினாள் என்று நெஞ்சு விம்மியது. கையைக் கூப்பிக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போய், எல்லோரும் செய்தது போலவே அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தாள்.

கால் ஜில்லென்று இருந்தது.

சாமி வந்த உடம்பை அவள் தொட்டிருக்கிறாள். பிறந்த வீட்டில் சித்தப்பாவுக்கு வரும். தொட்டால் சுடும், தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினாலும் ஆவி பறக்கும். இந்த வெயிலில், சுடுமண்ணில் ஊன்றிய கால் எப்படி ஜில்லிடும்? கையைப் பிடித்தாள். அதுவும் ஜில்லென்று, வேர்வையில் வழுக்கியது.

ஒரு வருஷமாகக் காதில் ஒதுங்கிக் கிடந்த டாக்டரின் பேச்சு அப்போதுதான் உள்ளே போனது. "இந்த மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்துடப் போறாரும்மா. வேர்த்துக் கொட்டும், நடுக்கம் வரும், பேச்சுக் குழறும். உடனே ஒரு கை சர்க்கரையை அள்ளி வாயில் போடுங்க. போடலைன்னா ஆளே போயிடுவாரு." சர்க்கரையே விஷம் என்று சொன்ன அதே வாயால் சர்க்கரையைப் போடு என்கிறாரே, ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் வேறு யாருக்கோ சொல்ல வேண்டியதை நமக்குச் சொல்கிறார் போலிருக்கிறது என்று அவள் அன்றைக்கு விட்டுவிட்டாள். வாலாஜாபாத் ரைஸ் மில்லில் காத்துக் கிடந்துவிட்டு, பசியோடு பஸ்ஸில் வரும்போது எத்திராஜ் ஒரு தரம் இதே மாதிரி வேர்த்து, கண்டக்டரோடு சண்டைக்குப் போனான். இறங்கினதும் நாஷ்டா தின்ற பிறகு சரியாகிப் போனான். வெயில் என்று நினைத்தாள். எல்லாம் இப்போது ஒன்றாக வந்து மார்பில் உட்கார்ந்தது. ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தவள் அவள்தான். இந்தக் கையால் கொடுத்தாள்.

"மாமா!" என்று வேதாசலத்தைப் பார்த்துக் கத்தினாள். "இது சாமி இல்ல மாமா! மாத்தர! மாத்தர போட்டுக்கினு வெறும் வயித்தோட கீறாரு! எதுனா இனிப்பா குடுக்கணும், இல்லன்னா ஆளு தங்கமாட்டாரு!"

பம்பை சட்டென்று தணிந்தது. வேதாசலம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா பேசறேன்னு தெர்ஞ்சி பேசு தாயாரு. வூட்ல உன் வைத்தியத்தெல்லாம் வெச்சிக்க. அம்மா வந்து நிக்கற எடம் இது."

"அம்மா வந்தா ஒடம்பு சுடும். தொட்டுப் பாருங்க மாமா, பொணமாட்டம் ஜில்லுனு கீது!"

"வாய கெயுவு மொதல்ல! காப்பு கட்ன ஒடம்ப பாத்து பொணமாம்!" என்று சிட்டம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆவாது. அவளே வந்துக்கிறா, அவளே நடத்திக்கினு போவா" என்றார் வேதாசலம். "தூக்குங்கடா. கரகம் ரெடியாய்டுச்சி. குண்டத்துல இவன்தான் முன்னால எறங்கணும்."

இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். எத்திராஜின் தலை தொங்கியது. கால் தரையில் ஊன்றவில்லை. மண்ணில் கோடு போட்டது. தாயாரம்மாள் அந்தக் காலைப் பார்த்தாள். இந்தக் காலோடு கொண்டுபோய்த் தணலில் விடுவார்கள். மூன்றாவது அடியில் முழங்கால் மடங்கி முகம் குப்புற விழுவான். அதுவரைக்கும்கூட உயிர் இருக்குமோ இருக்காதோ.

வேல மரத்தை நோக்கி ஓடினாள்.

"ஒரு சொம்பு குடு வரதா!"

"யாருக்கு யக்கா? அண்ணனுக்கா? அய்யய்யோ, விரதக்காரருக்கு நான் எப்டி..." என்று அவர் இழுப்பதற்குள் சொம்பைப் பிடுங்கிப் பானைக்குள் விட்டு மொண்டாள். அடியில் கரையாத வெல்லம் தங்கியிருந்தது. அதையும் கையால் வழித்துச் சொம்பில் போட்டுக்கொண்டாள். பூட்டுப் போட்டு அவள் ஒளித்துவைத்த சனியனை இன்றைக்கு அவளே இரு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடுகிறாள்.

"புடிங்க அவள!"

யாரோ முந்தானையைப் பிடித்தார்கள். சீலை கிழிகிற சத்தம் கேட்டது. முட்டியால் ஒருவனை இடித்தாள், இன்னொருத்தியின் கையைக் கடித்தாள். தூக்கிப்போகிறவர்களுக்கு எதிரில் போய் நின்று, புருஷனின் இடுப்பை வளைத்துப் பிடித்து அப்படியே பாரத்தோடு தரையில் உட்கார்ந்தாள். தூக்கினவர்கள் தடுமாறி விட்டுவிட்டார்கள். அவன் தலை அவள் மடியில் விழுந்தது. பல் கிட்டியிருந்தது. சொம்பைச் சாய்த்தாள், பானகம் கடைவாயில் வழிந்து மஞ்சள் துணியை நனைத்தது. விரலால் வெல்லத்தை வழித்து, கன்னத்தை இழுத்து ஈற்றில் தேய்த்தாள்.

"முயுங்கு. ஏங்க, முயுங்குங்க. உங்க தாயாரு சொல்றேன்."

காப்புக் கட்டினவன் வாயில், கரகம் கிளம்புகிற நேரத்தில், அவன் பெண்சாதியே தின்பண்டத்தைத் திணிக்கிறாள். இப்படி ஒன்றை அந்த ஊர் பார்த்ததில்லை.

வேதாசலம் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும். குனிந்து சொன்னார்.

"எதுக்கோசரம் இவன் காப்பு கட்னான்னு மறந்துட்டியா? உம் பொண்ணு உசுருக்கோசரம். அந்தக் கொயந்த உசுருக்கோசரம். அம்மா குட்த்தத திருப்பி கேட்டா இன்னா பண்ணுவ? நாளைக்கி அதுக்கு ஒண்ணு ஆச்சின்னா உன்னாலதான் தாயாரு. உங்கையாலதான்."

தாயாரம்மாளின் விரல் அவன் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி வராண்டா கண்ணெதிரில் வந்தது. வாளி நிறைய இரத்தத் துணியை நர்ஸ் எடுத்துப் போனதும், அழாமல் நீலம் பாரித்துக் கிடந்த குழந்தையும் வந்தது. அவள் அம்மனை நம்பாதவள் இல்லை. டாக்டரை நம்புகிறாள் என்பதற்காக அம்மன் மேல் இருந்த பயம் எங்கே போகும்? புருஷனா, குழந்தையா என்று கேட்டால் எந்த மனுஷி என்ன சொல்வாள்? மடியில் எத்திராஜின் மூச்சு குறட்டை மாதிரி இழுத்தது. பிடித்திருந்த கையை எடுக்கவும் முடியவில்லை, மேற்கொண்டு ஊட்டவும் முடியவில்லை. அவள் அழுதாள்.

"நவுருங்க."

இந்திராணி கூட்டத்துக்குள் வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை. அதிர்ந்து பேசாத பெண். அம்மாவின் வாய்க்கு எதிர் வாய் அந்த வீட்டில் யாருக்கும் வளர்ந்ததில்லை. நேராகப் பெரியப்பா முன்னால் போய் நின்றாள்.

"பெரிநைனா, இந்தாங்க, கொயந்தைய புடிங்க."

"எதுக்கு?"

"எங்கை ரெண்டும் வோணும். புடிங்க."

நீட்டின குழந்தையை யார்தான் வாங்காமல் நிற்பார்கள்? வேதாசலம் கையை நீட்டி வாங்கிவிட்டார். இந்திராணி தரையில் மண்டியிட்டு, அம்மாவின் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"இந்திராணி, வோணாம்டி. கொயந்த..." என்றாள் தாயாரம்மாள்.

"எனக்கோசரம் நேந்துகினது தானேம்மா? நான்தான் குடுக்கறேன். அம்மாளுக்கு கோவம்னா எங்கிட்ட வரட்டும். நைனா இல்லாம எனக்கு எதுக்கு இந்த உசுரு? வாய தொறந்து புடி."

தாயாரம்மாள் தாடையைப் பிடித்தாள். இந்திராணி வெல்லத்தை உள்ளங்கையில் குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அப்பன் நாக்கில் தடவினாள். "துன்னு நைனா. சப்பு. ஆங், அப்டித்தான்" என்று குழந்தைக்குச் சொல்வது போலவே சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் வழிந்தது. பிறகு தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. தாயாரம்மாள் அதைப் பார்த்தாள். ஒரு வருஷமாக அந்தத் தொண்டை இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகின கண். "உள்ள போச்சி. உள்ள போச்சிடி, இன்னம் குடு" என்றாள்.

பம்பை நின்றுபோயிருந்தது. கரகம் எடுத்தவர் எடுத்தபடி நின்றார். கோவில் பக்கமிருந்து ஒருத்தன் ஓடிவந்து, தணல் ஆறுகிறது, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுவிட்டு, இங்கே கிடக்கிற கோலத்தைப் பார்த்து அவனும் நின்றான். யாரும் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவில்லை. எல்லோரும் தர்மகர்த்தாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர் கையில் குழந்தை. அது புது முகத்தைக் கண்டு அழாமல், அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் காப்பை இரண்டு கையாலும் இழுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. எச்சில் ஒழுகி மஞ்சள் கரைந்து அதன் தாடையெல்லாம் வழிந்தது. அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. பார்வை மட்டும் தம்பியின் முகத்திலேயே நின்றது.

நடுக்கம் குறைந்தது. எத்திராஜின் இமை பிரிந்தது. வெறித்துக்கொண்டிருந்த கண் மெதுவாகத் திரும்பி ஆளைத் தேடியது. பெண்சாதியிடம் வந்து நின்றது. நாக்கு வெளியே வந்து உதட்டைத் துழாவியது.

"இன்னாடி இது?" என்றான் ஈனமான குரலில். "வெல்லமா?"

"ஆமாங்க. வெல்லம்தான்."

"நெசமாவா?"

அவள் தலையை ஆட்டினாள். அவன் மகள் கையிலிருந்த சொம்பை நடுங்குகிற கையால் பிடித்து இழுத்து, பெண்சாதி மனசு மாறிப் பிடுங்கிவிடுவாளோ என்று பயந்தவன் போல மடமடவென்று குடித்தான். பாதியில் புரையேறி இருமல் வெடித்தது. பானகம் மூக்கில் வந்தது.

"மெள்ள குடுடி, மெள்ள!" என்று வேதாசலம் குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு, தம்பிக்குப் பக்கத்தில் சுடுமண்ணிலேயே உட்கார்ந்தார். "தல மேல தட்டு. வரதா, சொம்மா பாத்துகினு கீற? இன்னும் ஒரு சொம்பு எத்தாடா!"